பந்திக்கு எத்தனை பேர்?

இரண்டு வருடங்களுக்கு முன்பு ஒரு தை மாதத்தில், அவிநாசியில் என் தங்கை மகளின் கல்யாணத்தின்போது நடந்தது இது. இன்றுவரை என் தங்கைக்குத் தெரியாது. இதைப் படித்தால் தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

நான் கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியில் புள்ளியியல் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். தங்கையின் கணவர் ஒரு சாலை விபத்தில் இறந்தபோது அவள் குழந்தை நடை பழகிக்கொண்டிருந்தது. அவருடைய ஊர் புளியம்பட்டி தாண்டி, சத்தியமங்கலம் போகும் வழியில் இருக்கிறது. காரியம் முடிந்த சில மாதங்களில் தங்கை குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவிநாசிக்கு வந்துவிட்டாள். திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்து பெண்ணைப் படிக்கவைத்தாள். 'எங்க பையன் போனதும் எங்களையும் வேண்டாம்னு போய்ட்டா' என்று அவள் கணவர் வீட்டுப் பங்காளிகளுக்குக் கோபம். பல வருடங்கள் போக்குவரத்தே இல்லை.

பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமானதும் தங்கை தானே அந்த ஊருக்குப் போனாள். தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கும் பத்திரிகையும் வைத்துக்கொண்டு, பங்காளிகள் வீடு ஒன்று விடாமல் ஏறி இறங்கினாள். கணவரின் அண்ணனிடம், அதாவது பெண்ணின் பெரியப்பாவிடம், "நீங்களும் அக்காளும் மணையில உக்காந்து தாரை வாத்துக் குடுக்கணுமுங்க மாமா" என்று கேட்டாள். தகப்பன் இல்லாத பெண்ணை வேறு யார் தாரை வார்ப்பது? அவர், "வாரோம், போ அம்மணி" என்றாராம். அன்று மாலை என்னிடம் போனில் அதை அவள் இரண்டு மூன்று தடவை சொன்னாள். கல்யாணச் செலவைப் பற்றியோ நகையைப் பற்றியோ அவள் ஒருநாளும் கவலைப்பட்டு நான் பார்த்ததில்லை. மாப்பிள்ளை வீட்டார் முன்னால் தன் பெண்ணுக்கு அப்பன் வீட்டுச் சனம் வந்து நிற்க வேண்டும், அது ஒன்றுதான் அவள் கேட்டது.

தாய்மாமன் என்ற முறையில் சாப்பாட்டுப் பொறுப்பு என்னுடையது. சமையல்காரர் வந்து, "எத்தனை இலைக்குங்க சார்?" என்று கேட்டார். எங்கள் பக்கம் வழக்கம் என்னவென்றால், பத்திரிகை வைத்த வீடுகளை மனதில் ஓட்டிப் பார்த்து, பெரியவர்கள் நாலு பேர் கூடிப் பேசி, ஒரு தொகை சொல்லி, அதற்கு மேலும் கொஞ்சம் போடச் சொல்வார்கள். எனக்கு அந்த முறை பிடிக்காது. அதற்குச் சில மாதங்கள் முன்புதான் ஒரு கல்யாணத்தில் மண்டபத்துக்குப் பின்னால் அண்டா அண்டாவாகச் சோற்றைக் குழியில் கொட்டுவதைப் பார்த்திருந்தேன். வாழ்நாள் முழுக்கப் புள்ளியியல் சொல்லிக் கொடுத்தவன் குத்துமதிப்பாக ஒரு தொகை சொல்வதா என்ற கர்வமும் இருந்தது. "இரண்டு நாள் பொறுங்க, கணக்குப் போட்டுச் சொல்கிறேன்" என்றேன்.

என் கணக்கு இதுதான். ஒரு வீட்டிலிருந்து எத்தனை பேர் வருவார்கள் என்பது முன்கூட்டிச் சொல்ல முடியாத எண். ஒருவரும் வராமல் போகலாம், ஏழெட்டுப் பேரும் வரலாம். இதைச் சமவாய்ப்பு மாறி என்போம். ஆனால் அழைத்த வீடுகளில் சிலவற்றைக் குலுக்கல் முறையில் எடுத்து, அவர்களை மட்டும் விசாரித்தால் ஒரு சராசரி கிடைக்கும். வேறு சில வீடுகளை எடுத்திருந்தால் வேறொரு சராசரி வந்திருக்கும். இப்படி வரக்கூடிய சராசரிகளையெல்லாம் வரைந்து பார்த்தால், நடுவில் உயர்ந்து இரண்டு பக்கமும் சரியும் மணி போன்ற வடிவம் வரும். அந்த மணியின் அகலம் தெரிந்தால், மொத்தக் கூட்டம் இதற்குக் குறையாது, இதற்கு மேல் போகாது என்று ஓரளவு உறுதியாகச் சொல்லிவிடலாம். இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. ஒரு வீட்டார் வருவதும் வராததும் இன்னொரு வீட்டாரைப் பொறுத்ததாக இருக்கக் கூடாது. முப்பது வருடங்கள் இந்த நிபந்தனையைக் கரும்பலகையில் எழுதி, அடிக்கோடும் போட்டிருக்கிறேன். என் சொந்தச் சனத்தைக் கணக்கில் எடுத்தபோது அது என் நினைவுக்கே வரவில்லை.

குலுக்கலில் வந்த வீடுகளுக்கு நானே போன் செய்தேன். முதல் வீட்டிலேயே எனக்கு எச்சரிக்கை கிடைத்தது. "ஏனுங்க வாத்தியாரே, இலைய எண்ணி வெச்சுட்டுத்தான் கூப்பிடறீங்களாக்கும்?" என்று சிரித்தார் ஒருவர். இன்னொரு வீட்டில், "ஊட்டுல நாங்க நாலு பேருங்க, நாயி ஒண்ணு. அதையும் சேத்துக்கட்டுங்களா?" என்றார்கள். எங்கள் பக்கம் அழைத்த வீட்டில் போய் எத்தனை பேர் என்று கேட்கிற பழக்கம் கிடையாது. கேட்டால், 'அதிகம் வந்துவிடாதீர்கள்' என்று சொன்னது போல. எனக்கு அது தெரியாமல் இல்லை. ஆனாலும் நான் கேட்பது ஆராய்ச்சிக்கான கேள்வி, அதை யாரும் தப்பாக எடுக்க மாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசியாக ஒரு மூதாட்டி. தங்கை கணவருக்குச் சின்னம்மா முறை. கணவர் இல்லை, பிள்ளைகளும் இல்லை. தனியாக இருப்பவர். நான் யாரென்று சொல்லிவிட்டு, "கல்யாணத்துக்கு உங்க வீட்டிலிருந்து எத்தனை பேர் வருவீங்க?" என்று கேட்டேன்.

மறுமுனையில் ஒரு மாடு கத்துவது கேட்டது. பிறகு, "எத்தனை பேருன்னா... நான் ஒருத்திதானுங்களே தம்பி" என்றார்.

"ஒருத்தர். சரிங்க" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அந்த ஒன்று என் சராசரியைச் சற்றே கீழே இறக்கியது. சமையலுக்குக் கொஞ்சம் குறைத்துச் சொல்லலாம் என்று எனக்கு அதில் ஒரு திருப்திகூட.

கல்யாணத்துக்கு முதல் நாள் மாலை வரவேற்பு. மண்டபத்தில் மாப்பிள்ளை வீட்டார் வந்து நிறைந்துவிட்டார்கள். முதல் பந்தி நிறைந்தது. இரண்டாவது பந்தியில் பாதி இலைக்கு ஆள் இல்லை. நான் சாப்பாட்டுக் கூடத்து வாசலில் நின்று வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் கணக்கில் இருந்த மிகக் குறைந்த தொகைக்கும் கீழே கூட்டம் நின்றுபோயிருந்தது. சமையல்காரர் பக்கத்தில் வந்து, "ஏனுங்க சார், அடுத்த பந்திக்கு ஆளு வரலீங்களே. போட்டதெல்லாம் ஆறிப்போகுதுங்க" என்றார். அதே நேரம் மாப்பிள்ளையின் தாத்தா, கையைக் கழுவிக்கொண்டே, எல்லோருக்கும் கேட்கும்படி, "பொண்ணோட பங்காளிங்க ஒருத்தரையும் காணமே? ஊரு ரொம்பத் தூரமுங்களா?" என்று என்னைக் கேட்டார். அவர் வேண்டுமென்று கேட்டாரா, சாதாரணமாகக் கேட்டாரா தெரியவில்லை.

அப்போதுதான் கவனித்தேன். புளியம்பட்டிப் பக்கத்துப் பங்காளிகள் ஒரு வீட்டிலிருந்துகூட வரவில்லை. மேடைக்குக் கீழே தங்கை நின்றுகொண்டிருந்தாள். வருகிறவர்களை வரவேற்றுக்கொண்டே அவள் கண் வாசலுக்குப் போய்ப் போய் வந்தது.

மண்டபத்துக்கு வெளியே வந்து பெரியப்பாவுக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. மறுபடி செய்தேன். அவர் மகன் எடுத்தான். "அப்பா பேச மாட்டாருங்க. ஆள எண்ணித்தான் சோறு போடுவாங்கன்னா நமக்கெதுக்குச் சிரமம்னு சொல்லச் சொன்னாருங்க" என்று சொல்லி வைத்துவிட்டான்.

ஒரு வீடு இன்னொரு வீட்டைப் பார்த்து முடிவு செய்யாது என்று வைத்துக்கொண்டல்லவா கணக்குப் போட்டேன்? எங்கள் சனம் ஒரு வேனில் வரும், இல்லையென்றால் ஒரு வேனாக நின்றுவிடும். காலையில் முகூர்த்தம். மணையில் உட்கார்ந்து தாரை வார்க்க ஆள் இல்லை.

உள்ளே போனதும் தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஏனுங்கண்ணா, பெரிய மாமா வரலீங்களே. ஏதாச்சும் கோவமுங்களா?" என்றாள். உண்மையைச் சொல்லியிருக்க வேண்டிய நேரம் அது. "வேன் ரிப்பேராம். காலையில் நேரத்திலேயே வந்துவிடுகிறார்களாம்" என்று பொய் சொன்னேன். அவள் முகம் தெளிந்தது. அதைப் பார்த்த பிறகு எனக்கு வேறு வழியே இல்லை. எப்படியாவது அவர்களைக் கூட்டிவந்தாக வேண்டும்.

விடிந்தும் விடியாததுமாக, கோயிலுக்குப் போய்வருவதாகச் சொல்லிவிட்டுக் காரை எடுத்தேன். நல்ல பனி. எதிரே வருகிற லாரியின் விளக்கு கிட்டே வந்த பிறகுதான் தெரிந்தது. என் வயதில் அந்த நேரத்தில் அப்படி ஓட்டியிருக்கக் கூடாது. வழியெல்லாம் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். எல்லாச் சொற்களும் வகுப்பறைச் சொற்களாகவே வந்தன.

பெரியப்பா வீட்டு முன்னால் ஒரு வேன் நின்றுகொண்டிருந்தது. கல்யாணத்துக்கென்று பேசி வைத்த வேன்தான். வேண்டாமென்று திருப்பி அனுப்பவும் மனசில்லாமல், ஏறிப் புறப்படவும் மனசில்லாமல் அதை நிறுத்தி வைத்திருந்தார்கள். அதைப் பார்த்ததும் எனக்கு இன்னும் வெட்கமாகப் போயிற்று.

அவர் கட்டிலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். "வாங்க" என்று சொல்லவில்லை. கொங்கு நாட்டில் பிறந்தவர்களுக்கு அது என்னவென்று தெரியும். தீராத வழக்கு நடத்துகிறவர்கள்கூட வீட்டு வாசலில் வந்து நின்றால் முதலில் 'வாங்க' என்றுதான் சொல்வார்கள். நான் வாசலிலேயே நின்று, செய்தது தவறு, மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன்.

"எங்ககிட்ட எதுக்குங்க மன்னிப்பு?" என்றார். குரல் உயரவில்லை. "எங்க சின்னம்மாவுக்குப் போன் பண்ணி எத்தனை பேருன்னு கேட்டீங்களாமா. அவங்க ஒண்டிக்கட்டைன்னு உங்களுக்குத் தெரியாதுங்களா? ஒருத்தர், சரின்னு வெச்சுப்போட்டீங்களாமா. பொட்டியிலிருந்து எடுத்து வெச்ச சீலைய மறுபடியும் மடிச்சு உள்ள வெச்சுப்போட்டாங்க. அவங்க வராத கல்யாணத்துக்கு இந்த ஊருல ஒருத்தரும் வர மாட்டோமுங்க."

"வேண்டுமென்று அவங்களைக் கேட்கவில்லைங்க. குலுக்கிப் போட்டதில் அவங்க பெயர் வந்தது..." என்று ஆரம்பித்தேன்.

"குலுக்கிப் போட்டுப் பாக்கறதுக்கு நாங்க என்ன சோழியாங்க?" என்றார் அவர். வேனுக்குப் பக்கத்தில் நின்ற பெண்கள் இரண்டு பேர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பிறகு அவர்களுக்கே சங்கடமாகி முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

வாட்சைப் பார்த்தேன். அவிநாசிக்குத் திரும்ப முக்கால் மணி நேரமாவது வேண்டும். "அந்த அம்மா வீடு எதுங்க?" என்று கேட்டேன். அவர் கையைக் காட்டினார்.

அந்த அம்மா வீட்டுக்குப் பின்னால் மாட்டுக்குச் சோளத்தட்டு போட்டுக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும், "வாங்க தம்பி" என்று சொல்லி, கையைச் சீலையில் துடைத்துக்கொண்டு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துப் போட்டார். நான் உட்காரவில்லை. கையெடுத்துக் கும்பிட்டேன். சொல்ல நினைத்ததெல்லாம் மறந்து போய், "தப்புப் பண்ணிட்டேனுங்கம்மா" என்று மட்டும் வந்தது.

"அட, கோவமெல்லாம் ஒண்ணுமில்லீங்க" என்றார். "நீங்க கேட்டது நெசந்தானுங்களே. நான் ஒருத்திதான. போன வெச்சதுக்கப்புறம் நெனச்சுப் பாத்தேன். அத்தனை கூட்டத்துல ஒருத்தி வந்தா என்ன, வராட்டி என்னன்னு தோணிப்போச்சுங்க."

என் கணக்கில் அதுதான் உண்மை. அத்தனை வீடுகளில் ஒரு வீடு, அதிலும் ஒரே ஓர் ஆள். அந்த எண்ணை அடித்துவிட்டாலும் சராசரி பெரிதாக அசையாது. அதை நான் படித்துத் தெரிந்துகொண்டேன். அந்த அம்மாவுக்கு அதை என் ஒரு போன் சொல்லிக் கொடுத்துவிட்டது.

"தகப்பனில்லாத பிள்ளைங்கம்மா. தாரை வார்க்க ஆளில்லாமல் நிற்கும். நான் செய்ததுக்கு அதைத் தண்டிக்காதீங்க" என்றேன். அவர் சீலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு விறுவிறுவென்று வீதிக்கு வந்தார்.

"ஏப்பா பெரியவனே! வேன எடுக்கச் சொல்லு. எங்க பையன் பெத்த புள்ள அங்க மணையில உக்காரப் போகுது, நீங்க இங்க ரோசத்த வெச்சுட்டு நிக்கறீங்களா? ஏறுங்க எல்லாரும்!"

"நீ வராம நாங்க எப்பிடி..." என்று பெரியப்பா இழுத்தார்.

"நீ போயி உக்காந்தா நான் உக்காந்தாப்பல. ஏறுடா!"

அதற்காகவே காத்திருந்தது போல வீடுகளிலிருந்து ஆட்கள் வந்தார்கள். எல்லோரும் குளித்து, நல்ல துணி உடுத்தித் தயாராகத்தான் இருந்தார்கள். வேன் நிறைந்தது. பின்னால் இரண்டு கார்களும் புறப்பட்டன. நான் என் காரின் முன்கதவைத் திறந்து, "வாங்கம்மா, போகலாம்" என்றேன்.

"மாட்ட ஆரு பாக்கறது? நீங்க போங்க தம்பி, நேரமாச்சு" என்றார்.

மாட்டைப் பார்த்துக்கொள்ளப் பக்கத்து வீட்டில் ஆள் இருந்தது. அந்த வீட்டுத் திண்ணைத் தூணைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாடு ஒரு சாக்கு என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. இன்னும் இரண்டு வார்த்தை சொல்லியிருந்தால், கையைப் பிடித்திருந்தால், வீட்டுக்குள் போய் அந்தச் சீலையை எடுத்துக் கட்டிக்கொண்டு வந்திருப்பார் என்றே இப்போதும் நினைக்கிறேன். நான் வாட்சைப் பார்த்தேன். பிறகு காரில் ஏறிவிட்டேன். போனில் கேட்டதாவது தெரியாமல் செய்தது என்று சொல்லிக்கொள்ளலாம். இதைத் தெரிந்தேதான் செய்தேன்.

மண்டபத்து வாசலில் வேன் நின்றபோது மேளம் ஆரம்பமாகியிருந்தது. தங்கை ஓடி வந்தாள். "ஏனுங்க மாமா, இத்தனை நேரம்? வண்டி ரொம்பத் தொந்தரவு பண்ணிருச்சுங்களா?" என்று கேட்டாள்.

வேன் ரிப்பேர் என்று நான் சொன்ன பொய் பெரியப்பாவுக்குத் தெரியாது. வழியில் வண்டியை நிறுத்திச் சொல்ல நேரமும் இல்லை, முகமும் இல்லை. பெரியப்பா ஒரு தடவை என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"ஆமா அம்மணி. கெளம்பறதுக்குக் கொஞ்சம் நேரமாயிப்போச்சு" என்று சொல்லிவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனார். அவரும் அவர் மனைவியும் மணையில் உட்கார்ந்து தாரை வார்த்தார்கள். பங்காளி வீட்டுப் பெண்கள் மேடையை அடைத்துக்கொண்டு நின்றார்கள். தங்கை ஓரமாக நின்று அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் இருந்தாள். அன்று அவள் இருந்தது போல மகிழ்ச்சியாக நான் யாரையும் பார்த்ததில்லை.

பந்தி முடிந்ததும் சமையல்காரர் என்னைத் தேடி வந்தார். "சார், நேத்து ராத்திரி எப்பிடியோ, இன்னைக்கு நீங்க சொன்ன கணக்கு அப்படியே வந்துருச்சுங்க. குறையவும் இல்லீங்க, கொட்டவும் இல்லீங்க. எப்பிடிங்க சார்?" என்று ஆச்சரியப்பட்டார். பக்கத்திலிருந்த சொந்தக்காரர்கள், "பின்னே, புரொபசரா கொக்கா?" என்று என் முதுகில் தட்டினார்கள். உண்மைதான். மொத்தம் நான் சொன்ன எல்லைக்குள் சரியாக விழுந்திருந்தது. வராமல் போன அந்த ஒருவரால் என் கணக்கில் எந்தக் குறையும் தெரியவில்லை.

ஒரு மாதம் கழித்து, மணமக்கள் விருந்துக்கு அந்த ஊருக்குப் போனபோது நானும் போனேன். அந்த அம்மா மோர் கொடுத்தார். கல்யாணப் போட்டோக்களை என் செல்போனில் காட்டினேன். கண்ணுக்குக் கிட்டே வைத்து, ஒவ்வொரு முகமாகப் பெயர் சொல்லிப் பார்த்தார். மேடையில் பங்காளிகள் எல்லோரும் நிற்கிற படம் வந்ததும் வெகுநேரம் பார்த்தார். "ஊரே நிக்குதுங்களே. நல்லாருக்குது தம்பி" என்று சொல்லிப் போனைத் திருப்பிக் கொடுத்தார். கூட ஒரு வார்த்தை சொல்லித் திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அம்மணி, அன்று வேன் ரிப்பேராகவில்லை. உன் அண்ணன்தான் காரணம். அதற்குப் பிறகு நான் புள்ளியியலைக் குறை சொன்னதில்லை. அது கூட்டத்தைப் பற்றிச் சொல்கிற கணக்கு, சொன்னது சரியாகவும் வந்தது. ஆனால் இப்போதெல்லாம் போனில் யாரிடம் என்ன கேட்டாலும், எனக்கு வேண்டிய பதில் கிடைத்தவுடன் வைத்துவிடுவதில்லை. மறுமுனையில் இருப்பவர் இன்னும் ஏதாவது சொல்ல நினைக்கிறாரா என்று காது கொடுத்துக் கொஞ்ச நேரம் காத்திருக்கிறேன்.